நாகமணிக்கு எந்தக் கட்டம்

பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவில் மீரா சாகிபுவின் துணிக்கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கம், பூப்போட்ட துணிச் சுருள்கள் முடிகிற இடத்தில், ஒரு தையல் இயந்திரம் இருந்தது. அதன் பின்னால் நாகமணி உட்கார்ந்திருப்பாள். சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமையில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பெண்கள் லோரியில் வந்து இறங்குவார்கள். துணியைக் கல்லாவில் காசு கொடுத்து வாங்கி, நாலு எட்டு வைத்து அவளிடம் வந்து அளவு கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. பாய் கடைத் தையக்காரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அவள் அந்த ஊர்க்காரியில்லை. ஆற்றை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் கல்யாணம் கட்டியவள். கணவன் நாராயணசாமி நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிற ஆள். மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து அவளிடம்தான் கொடுப்பான். அவள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். சீட்டில் எழுதியிருப்பதை அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள். வயதான காலத்துக்கென்று மாதாமாதம் பிடிக்கிற சேமநிதி என்ற இடம் வந்ததும் அவன் முகம் கோணும். தன் காசைத் தன்னைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவன் குறை. முதலாளியும் அதே போல ஒரு பங்கு போடுகிறார் என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டான்.

1978இல் அவனுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான். வயது முப்பத்து நான்கு. மகள் சந்திரிகாவுக்கு அப்போது பதினொன்று.

தோட்டத்தில் வீடு வேலையோடு வருவது. வேலை செய்கிற ஆள் இல்லையென்றால் தொழிலாளர் வரிசையான லயத்தில் வீடும் இல்லை. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து, அவளைக் களைக்கொல்லி அடிக்கிற வேலையில் சேர்த்துக்கொள்கிறேன், வீடு நிற்கும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இரண்டு மாதம் மருந்து நிரப்பிய தோம்புக் கலனை முதுகில் சுமந்தாள். கை விரல்களில் தோல் உரிந்தது. இரவில் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். மூன்றாவது மாதம் அலுவலகத்தில் கணக்கெழுதுகிற கிராணி சோமு ஒரு விண்ணப்பப் பாரத்தோடு லயத்துக்கு வந்தார். நாராயணசாமி பேரில் சேமநிதியில் இருக்கிற காசு அவளுக்குத்தான் வரவேண்டும் என்று சொல்லி, எங்கே கையெழுத்து என்று காட்டிக்கொடுத்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி வந்தது. அந்தக் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் அழுதாள். இத்தனை வருஷமாக அவன் திட்டிக்கொண்டிருந்த காசு அது.

அதில்தான் தையல் இயந்திரம் வாங்கினாள். தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸரின் மனைவி நடத்திய வகுப்பில் கற்றுக்கொண்ட தையல் கையில் இருந்தது. மிச்சக் காசில் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு கடை மாடியில் ஓர் அறைக்கு முன்பணம் கட்டி, மகளோடு வந்து சேர்ந்தாள்.

மீரா சாகிபு அதிராம்பட்டினத்துக்காரர். அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கடை முன்னால் நடைபாதையில் இயந்திரம் போட்டுக்கொள்ள இடம் கேட்டு நாகமணி போனபோது, அவர் அவள் போட்டிருந்த ரவிக்கையின் கை மடிப்பைப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். தானேதான் என்றாள். வெளியே போட்டால் சாரல் அடிக்கும், உள்ளேயே போட்டுக்கொள் என்றார். வாடகை எவ்வளவு என்று அவள் கேட்டதற்கு, முதலில் தைத்து நாலு காசு பார், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

அந்தப் பேச்சு அதற்குப் பிறகு வரவேயில்லை. அதற்குப் பதிலாக வேறு சில வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போகிற நேரத்தில் கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லவேயில்லை. அவளாகவே எழுந்து கல்லாவில் உட்கார்ந்தாள். அவருக்கு முழங்கால் வலி வந்த மழைக்காலத்தில் சாவியை அவளிடம் கொடுத்து, ஒன்பது மணிக்குத் திறந்துவிடச் சொன்னார். மழைக்காலம் முடிந்தும் சாவி திரும்பவில்லை. துணி அளந்து கொடுத்தாள். சரக்கு வந்தால் எண்ணி இறக்கினாள். அவள் கல்லாவில் உட்கார ஆரம்பித்த மூன்றாவது மாதக் கடைசியில் அவர் பழுப்புத் தாளில் ஐம்பது வெள்ளியை மடித்து இயந்திரத்தின் மேல் வைத்து, "வச்சுக்க தங்கச்சி" என்றார். நாளடைவில் அது நூறாகி, நூற்றைம்பதானது. அது என்ன காசு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தையல் கூலி அவளுடையது. அதில் அவர் ஒரு நாளும் கண் வைத்ததில்லை.

1983இல் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று அறுவை செய்தார்கள். ஆறு வாரம் படுக்கை. அந்த ஆறு வாரமும் கடையை நாகமணிதான் நடத்தினாள். மாலையில் கதவைப் பூட்டி, அன்றைய விற்பனைக் காசை ஒரு கைக்குட்டையில் முடிந்து, அவர் வீட்டுக்குப் போய் மனைவி மெகராஜ் பேகத்திடம் கொடுத்துவிட்டு வருவாள். பேகம் ஒரு கிண்ணத்தில் சந்திரிகாவுக்கென்று ஏதாவது கொடுத்தனுப்புவார்.

இப்படியே ஏழு வருஷம் போனது. சந்திரிகா படிப்பை முடித்து ராவாங்கில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். விடியுமுன் தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொள்ளும். முதல் மாதச் சம்பளச் சீட்டை அம்மாவிடம் நீட்டி, இந்த ஒன்பது விழுக்காட்டை எதற்குப் பிடிக்கிறார்கள் என்று கேட்டாள். அப்பா மாதிரியே கேட்டாள். நாகமணி சிரித்துவிட்டாள்.

1986 ஆரம்பத்தில் செம்பனை எண்ணெய் விலை விழுந்தது. தோட்டங்களில் வேலை நாள் குறைந்தது. சனிக்கிழமைப் பெண்கள் புதுத் துணி வாங்குவதைக் குறைத்து, பழைய பாவாடையைப் பிரித்துச் சின்னவளுக்குத் தைத்துத் தரச் சொன்னார்கள். அதே சமயத்தில் மாடி அறையின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம், வருஷக் கடைசிக்குள் இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே மலிவு விலை வீடுகள் கட்டப்போவதாகவும், விண்ணப்பம் வாங்குவதாகவும் செய்தி வந்தது. நாகமணி ஒரு திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கோலசிலாங்கூரில் இருந்த மாவட்ட அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள்.

முகப்பில் இருந்த மலாய்க்காரர் பொறுமையான மனிதர். பேர், பிறந்த வருஷம், பிள்ளை எத்தனை எல்லாவற்றையும் கேட்டு அவரே எழுதினார். பிறகு பாரத்தில் இரண்டு கட்டங்களைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். ஒன்று 'மாக்கான் காஜி', சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். மற்றது 'கெர்ஜா செண்டிரி', சொந்தமாகத் தொழில் செய்கிறவர். நீங்கள் இதில் எது என்று கேட்டார். சம்பளக்காரர் என்றால் முதலாளியின் கடிதம் வேண்டும். சொந்தத் தொழில் என்றால் வரி அலுவலகத்துத் தாள் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் வீட்டுக்குக் கடன் கொடுக்கிறவர்கள் பார்க்கமாட்டார்கள்.

நாகமணி இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இயந்திரம் தன்னுடையது, அதனால் சொந்தத் தொழில் என்று தோன்றியது. கடைக் கதவைத் தினமும் திறப்பது தான்தானே, அதனால் சம்பளக்காரி என்றும் தோன்றியது. பின்னால் வரிசை நீண்டது. கேட்டுவிட்டு வந்து போடுகிறேன் என்று சொல்லி, பாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் மீரா சாகிபுவிடம் கடிதம் கேட்டாள். இவர் என் கடையில் வேலை செய்கிறார், இவ்வளவு தருகிறேன் என்று இரண்டு வரி போதும். அவர் சந்தோஷமாகத்தான் தலையாட்டினார். ஆனால் அந்த வாரம் கிள்ளானிலிருந்து அவருடைய கணக்காளர் வந்தார். அந்த நூற்றைம்பது இத்தனை வருஷமும் கடைச் சில்லறைச் செலவு என்றுதான் எழுதப்பட்டிருந்தது. கடிதம் கொடுத்தால் அவள் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், முதல் நாளிலிருந்து சேமநிதி கட்டச் சொல்வார்கள், அபராதமும் வரும், வியாபாரம் இருக்கிற இருப்பில் இது வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

மீரா சாகிபு இரண்டு நாள் கடிதத்தைத் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, இயந்திரத்துக்கு எதிரே வந்து நின்றார். கையில் அளவுகோல் இருந்தது.

"தங்கச்சி, நீ சொந்தத் தொழில்னே போட்டுக்கயேன். அதுதான் உனக்கும் லேசுன்னு கணக்காளர் சொல்றாரு."

நாகமணி மிதிப்பதை நிறுத்தினாள். "அப்ப உங்க கடையில நான் யாரு பாய்?"

அவர் அளவுகோலைப் பார்த்துக்கொண்டே, "இடம் குடுத்திருக்கேன்னு எழுதித் தர்றேன்," என்றார்.

சரி என்றாள். மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். அன்று சாயங்காலம் வரை தைத்தது ஒரே ஒரு பள்ளிச் சட்டை; அதையும் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அவள் சண்டை போடுகிற ஆள் இல்லை. மாதக் கடைசியில் பழுப்புத் தாள் பொட்டலம் வந்தபோது அதைத் தொடவில்லை. தன் பையிலிருந்து அறுபது வெள்ளியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இடத்துக்கு வாடகை என்றாள். அதன் மேல் கடைச் சாவியையும் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. சொந்தத் தொழில் செய்கிறவள் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மீரா சாகிபு அந்தக் காசை எடுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் அவர் கடையைப் பூட்டினார். நாகமணி ஒரு முக்காலியை எடுத்துப்போய் நடைபாதையில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். துணி வாங்க வந்த இரண்டு பெண்கள், உள்ளே ஆள் இல்லையா என்று கேட்டார்கள். பாய் வருவார், நில்லுங்கள் என்றாள். அவர்கள் நிற்காமல் எதிர்க்கடைக்குப் போனார்கள். தொழுகை முடிந்து வந்த மீரா சாகிபு, அவள் வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். போய்க் கதவைத் திறந்தார்.

ஏப்ரல் மாதம் நாகமணி கிள்ளானில் இருந்த வரி அலுவலகத்துக்குப் போனாள். சந்திரிகாவும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுக் கூட வந்தாள். வரிசை முடிந்து அவர்கள் போய் உட்கார்ந்த மேசையில் ரமணி என்ற தமிழ்ப்பெண் இருந்தாள். முப்பதுக்குள் இருக்கும். ஏழு வருஷமாக வரிப் பாரமே எழுதாததற்குத் தண்டனை போடுவார்களோ என்ற பயத்தில் நாகமணி முதலிலேயே மன்னிப்புக் கேட்டாள். ரமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இருந்ததா என்று முதலில் பார்ப்போம் என்றாள்.

கேள்விகள் சின்னச் சின்னதாக இருந்தன. இயந்திரம் யாருடையது? நூல், ஊசி யார் வாங்குவது? கூலி எவ்வளவு என்று யார் முடிவு செய்வது? ஒரு துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் யாருக்கு நட்டம்? எல்லாவற்றுக்கும் நான்தான் என்றாள் நாகமணி. அப்படியானால் தையல் உங்கள் சொந்தத் தொழில், அதில் சந்தேகமில்லை என்றாள் ரமணி. மாதம் நானூற்று இருபது வெள்ளி கூலி வருகிறது. நூல், ஊசி, பித்தான், எண்ணெய், இயந்திரம் பழுது பார்த்தது, அது வருஷா வருஷம் தேய்கிற தேய்மானம் எல்லாவற்றையும் கழித்தாள். முந்நூற்றுப் பத்து நின்றது.

"சம்பளக்காரங்களுக்கு இப்படிக் கழிக்க முடியாதும்மா," என்று சந்திரிகாவைக் காட்டிச் சொன்னாள். "தங்கச்சிக்கு வருஷக் கடைசியில முதலாளி ஒரு தாள் குடுப்பாரு. அதுல என்ன இருக்கோ அதான் வருமானம். வேலைக்குக் கால்ல போட்டுட்டுப் போற சப்பாத்தைக்கூடக் கழிக்க முடியாது."

சந்திரிகா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு," என்று ரமணி தொடர்ந்தாள். "அவங்களுக்கு மாசா மாசம் முதலாளி சேமநிதியில ஒரு பங்கு போடுறாரு. உங்களுக்கு யாரும் போட மாட்டாங்க. நீங்களா எடுத்து வச்சாத்தான் உண்டு."

தெரியும் என்றாள் நாகமணி. தனக்கு அது நன்றாகத் தெரியும் என்று இன்னொரு முறையும் சொன்னாள்.

வேறு வருமானம் உண்டா என்று ரமணி கேட்டபோது அவள் தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாது. சமீபம் வரை கடைக்காரர் மாதம் ஏதோ கொடுத்தார், அது கூலி இல்லை, சும்மா கொஞ்சம் ஒத்தாசை செய்வதற்கு என்றாள். என்ன ஒத்தாசை? கதவு திறப்பது, துணி அளப்பது, கல்லாவில் உட்காருவது. எத்தனை மணிக்குத் திறக்கவேண்டும் என்று யார் சொல்வது? அவர்தான். ரமணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு உடம்பு முடியலன்னா, உங்களுக்குப் பதிலா தெரிஞ்சவங்க யாரையாவது அந்தக் கல்லாவுக்கு அனுப்பி வைக்கலாமா?"

"முடியாது மிஸ். வேற ஆள உக்கார வைக்க மாட்டாரு."

சொன்ன பிறகுதான் கடைக்குத் தான் சம்பளக்காரி என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது நாகமணிக்குப் புரிந்தது. அவள் கடையின் பெயரையோ முதலாளியின் பெயரையோ சொல்லவில்லை, ரமணியும் கேட்கவில்லை. அந்தக் காசையும் தையலோடு சேர்த்து எழுதிவிடுங்கள், அவருக்குத் தொல்லை வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தாள். அப்படிப் பொய்யாக எழுத முடியாது என்றாள் ரமணி. எந்தப் பேரில் வந்தாலும் அது வருமானம், எழுதித்தான் ஆகவேண்டும். ஒருவரே இரண்டுமாக இருக்கலாம், சட்டத்தில் அதற்குத் தடையில்லை. தையலுக்குத் தொழில்காரி, கடைக்குச் சம்பளக்காரி. இரண்டையும் சேர்த்தாலும் வரி வராது, அதனால் பயப்பட வேண்டாம் என்றாள். தையல் பகுதியைத் தன் கையாலேயே எழுதிவிட்டு, சம்பளப் பகுதியைக் காலியாக விட்டுப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மாதக் கடைசிக்குள் கடைக்காரரைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது சந்திரிகா கொதித்துக்கொண்டு வந்தாள். தானே போய்ப் பாயைக் கேட்கிறேன் என்றாள். நாகமணி விடவில்லை. தோட்டத்தை விட்டு வந்த நாளில் தாங்கள் இருந்த இருப்பையும், அன்று ரவிக்கைத் தையலைப் பார்த்து உள்ளே கூப்பிட்டவரையும் மறக்கக்கூடாது என்றாள். அது வேறு, இது வேறு என்றாள் மகள். அவள் சொன்னது சரிதான் என்று நாகமணிக்கும் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் மீரா சாகிபுவிடம் கேட்கவில்லை. பாரம் இயந்திரத்தின் மேசையில், அளவுப் புத்தகத்துக்கு அடியில் நாலு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் அவரே, அது என்ன தாள் என்று கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். நூல் என்ன செலவு, ஊசி என்ன செலவு என்று அழகான எழுத்தில் இருந்தது. அதன் கீழே, முதலாளியின் பெயர் என்ற இடமும் வருஷச் சம்பளம் என்ற இடமும் வெறுமையாக இருந்தன.

"இது ஏன் காலியா இருக்கு?"

"அத நான் எழுதக்கூடாது பாய். நீங்கதான் சொல்லணும்."

அவர் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்து அதே இடத்தில் வைத்தார். அன்று மதியச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப் போனார்.

வீட்டில் நடந்ததைப் பின்னால் மெகராஜ் பேகம்தான் நாகமணியிடம் சொன்னார். அவர் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாராம். என்னவென்று கேட்டதும் கணக்காளர் பேச்சு, கடிதம், வாடகைக் காசு, காலியாக இருந்த இரண்டு வரிகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்று பேகம் கேட்டார். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகும் என்றார். பேகம் கறிச் சட்டியை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "நீங்க படுத்துக் கெடந்தீங்களே ஆறு வாரம், அப்ப கடை யாரு கையில இருந்திச்சு? வாடகைக்கு இருக்கிறவளா அந்தக் காச முடிஞ்சுக்கிட்டு வந்து எங்கிட்ட குடுத்தா?"

கணக்காளர் சொன்னதை மீரா சாகிபு திரும்பச் சொன்னார். கணக்காளருக்கு அவளைத் தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்று பேகம் சொல்லிவிட்டுக் கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நாகமணி வந்தபோது கடை திறந்திருந்தது. மீரா சாகிபு அவளுடைய நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தப் பாரம். காலியாக இருந்த இடத்தில் அவர் பெயர் இருந்தது, கடையின் முகவரி இருந்தது, சம்பளம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி என்று இருந்தது. பக்கத்தில் அவள் கேட்ட இரண்டு வரிக் கடிதமும், கடை முத்திரையோடு, தயாராக இருந்தது. அவள் கொடுத்த அறுபது வெள்ளியும் சாவியும் அதன் மேல் இருந்தன.

"ஏழு வருஷத்துச் சேமநிதிய நான் கட்டப்போறேன். உன் பங்கையும் சேத்துத்தான். அந்தந்த மாசம் புடிக்காம விட்டது நான், இப்ப உங்கிட்ட கேக்க முடியாது. மொத்தமா முடியாது, தவணை கேட்டுப் பாக்குறேன்," என்றார். சாவியை அவள் பக்கம் நகர்த்தினார். "நீ என் கடை ஆளு தங்கச்சி. இத அன்னிக்கே சொல்லியிருக்கணும். காசுக்குப் பயந்துட்டேன்."

நாகமணி நின்றபடியே அழுதாள். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்போது மிலோ பொடி வாங்கப் போகிற வழியில் ஒரு சின்னப் பெண் தன் சீருடை ஆயிற்றா என்று வாசலில் நின்று கேட்டாள். நாகமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு வா என்றாள்.

சேமநிதி அலுவலகத்தில் மீரா சாகிபு தானாகவே போய் நின்றார். அபராதம் கொஞ்சம் வந்தது. தவணை கொடுத்தார்கள். அந்த வருஷம் அவர் ஊருக்குப் போகிற பயணத்தைத் தள்ளிப்போட்டார். நாகமணிக்கு அது வருத்தம். சொன்னால், அடுத்த வருஷமும் அதிராம்பட்டினம் அங்கேயேதான் இருக்கும் என்பார். கணக்காளர் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு சில்லறைச் செலவிலிருந்து அந்தத் தொகையை எடுத்துச் சம்பளம் என்ற பத்தியில் எழுதினார். முறையாக எழுதினால் கடையின் வரிக் கணக்கில் அதை ஒழுங்காகக் கழித்துக்கொள்ளலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். மாதச் சம்பளம் இப்போது ஒன்பது விழுக்காடு குறைந்து நூற்று முப்பத்தாறரை வெள்ளியாகக் கைக்கு வந்தது. மாதா மாதம் சந்திரிகா அதைச் சொல்லி அம்மாவைக் கேலி செய்வாள். நாகமணி சம்பளச் சீட்டை இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வைப்பாள்.

கோலசிலாங்கூர் அலுவலகத்தில் அதே மலாய்க்காரர் இருந்தார். இரண்டு கட்டத்திலும் கோடு போடலாமா என்று நாகமணி கேட்டாள். அவருக்கு அப்படி யாரும் கேட்டு நினைவில்லை. வரித் தாளையும் கடிதத்தையும் புரட்டிப் பார்த்தார். பின்னால் இருந்த மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, போடுங்கள் என்றார்.

வீடு உடனே வரவில்லை. வீடு ஒதுக்குகிற முதல் குலுக்கலில் அவள் பெயர் விழவில்லை. மாடி அறையைக் காலி செய்து, ஒன்றரை வருஷம் மெகராஜ் பேகம் சொல்லி வாங்கிக் கொடுத்த ஒரு பின்கட்டு அறையில் இருந்தார்கள். 1987 கடைசியில் இரண்டாவது குலுக்கலில் விழுந்தது. தையல் வருமானம் மட்டும் இருந்திருந்தால் கடன் கொடுத்திருக்கமாட்டார்கள். சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருஷம் மே மாதம் குடிபோனார்கள். இரண்டு அறை, பின்னால் துணி துவைக்கச் சிமெண்டுத் தரை, முன்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி நடுகிற அளவு மண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீரா சாகிபுவும் மெகராஜ் பேகமும் வந்தார்கள். பேகம் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுப்பு வைக்கிற திசையைப் பற்றிச் சந்திரிகாவோடு பேசத் தொடங்கினார். மீரா சாகிபு ஜன்னல்களைப் பார்த்தார். எதிலும் திரை இல்லை. கையால் சாண் போட்டு அளந்து, நாலு ஜன்னலுக்குப் பதினெட்டு கஜம் வேண்டும், பச்சையில் நல்ல சரக்கு வந்திருக்கிறது, நாளைக்கு வெட்டி வைக்கிறேன், காசு பேச்சு எடுக்காதே என்றார்.

"வேண்டாம் பாய். கடை ஆளுங்களுக்கு என்ன விலையோ அத மட்டும் போடுங்க, போதும்."

அப்படி ஒரு விலை கடையில் இருந்ததில்லை. அவர் சிறிது யோசித்து, கஜத்துக்கு ஒரு வெள்ளி இருபது காசு என்றார். அவள் ஒன்று ஐம்பது என்றாள். பேகம் சமையலறையிலிருந்து, இரண்டு பேரும் டீ ஆறுமுன் வாருங்கள் என்று கூப்பிட்டார்.